ஊத்திக் கொடுக்கிறவன் பேரு என்னா?

தோழர்களே,

இந்த இதழின் தலையங்கம் ஒரு படத்தைப் பற்றியது. துணியில் தைல வண்ணத்தால் தீட்டிய பெரிய படம். 1719 வாக்கில் இங்கிலாந்தில் வரையப்பட்டது. வரைந்தவர் ஜான் வெரெல்ஸ்ட் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. டெவன்ஷயர் கோமகன்கள் என்னும் பெருங்குடும்பத்தின் வீட்டுச் சேகரிப்பில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1970-இல் பதினோராவது கோமகன் அதை அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பிரிட்டிஷ் கலை மையத்துக்குக் கொடுத்தார். நான் பார்த்தது அச்சில் வந்த நகலைத்தான். நம்மில் பெரும்பாலோருக்கும் அதுதான் வாய்க்கும்.

மேசையைச் சுற்றி நாலு துரைமார் இருக்கிறார்கள். தலையில் சுருள் சுருளாகப் பொய்முடி, மேலே விலையுயர்ந்த அங்கிகள், மேசைமேல் மதுக் கிண்ணங்கள், புகைக்குழாய். பின்னால் தோட்டத்தில் ஒருத்தர் பிடில் வாசிக்க, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஆடி விளையாடுகிறார்கள். நடுவில் இருக்கிறவர் எலிஹு யேல். சாப்பிட்டாச்சு, பேச வேண்டியதைப் பேசியாச்சு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்கிற திருப்தி அந்த முகங்களில் தெரிகிறது.

ஓரத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான். ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளை. பத்து வயசு இருக்கலாம். துரைமாருக்கு மது பரிமாறுவது அவன் வேலை. நல்ல சட்டை போட்டு அழகாகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். கழுத்தைப் பாருங்கள். வெள்ளியில் ஒரு வளையம். அந்த வளையத்தில் ஒரு பூட்டு.

தோட்டத்தில் ஆடுகிற பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அவன் வயசுதான். ஒரே படத்தில் ஒரே வயசுப் பிள்ளைகள். சில பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஒரு பிள்ளை ஊத்திக் கொடுக்கிறான். இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள ஓவியக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. சேரியில் பிறந்த எவருக்கும் ஒரே பார்வையில் விளங்கும்.

இந்தப் படத்தின் தலைப்பு மாறிவந்த கதையும் கவனிக்க வேண்டியது. நெடுங்காலம் அதன் தலைப்பில் எலிஹு யேல், கோமகன், கோமகனின் தம்பி, டன்ஸ்டல் என்கிற ஒருவர் என்று பேர் பேராக வரிசை இருந்தது. கடைசியில் 'ஒரு எடுபிடிப் பையன்' என்று முடிந்தது. பிறகு 'அடிமையாக்கப்பட்ட பணியாள்' ஆனான். இப்போது 'எலிஹு யேல், அவர் குடும்பத்தாருடனும் அடிமையாக்கப்பட்ட ஒரு குழந்தையுடனும்' என்று இருக்கிறது. எடுபிடி பணியாளாகி, பணியாள் குழந்தையாக ஆவதற்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது. மூன்று தலைப்பிலும் அவனுக்குப் பேர் மட்டும் இல்லை.

*

'சீமைத் துரை வீட்டுப் படம் நமக்கெதுக்கு? இங்கே குடிதண்ணிக்கே சண்டை, சுடுகாட்டுப் பாதைக்குச் சண்டை. இதுல ஓவியம் வேறயா?' என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

பதில் இதுதான். நடுவில் இருக்கிற அந்த எலிஹு யேல் நம்ம ஊர்க்காசில் பெரிய மனுசன் ஆனவர். 1672-இல் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். ஆண்டுக்கு 10 பவுன் சம்பளம். 1687-இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் ஆனார். சொந்த வியாபாரத்தில் கொழுத்தார் என்ற குற்றச்சாட்டுகளோடு 1692-இல் பதவி போனது. அதற்குப் பிறகும் இங்கேயே இருந்து, வைரம் முதலான வியாபாரத்தில் சேர்த்த பெருஞ்செல்வத்தோடு 1699-இல் சீமைக்குத் திரும்பினார். 10 பவுன் எழுத்தர் கோமகன் வீட்டுச் சம்பந்தி ஆன கதை இது. 1708-இல் அவர் மகள் ஆன், டெவன்ஷயர் முதல் கோமகனின் மகனான ஜேம்ஸ் கேவண்டிஷ் பிரபுவை மணந்தார். படம் அந்தக் குடும்பச் சேகரிப்பில் இருந்ததற்குப் பின்னால் இருப்பது இந்தச் சம்பந்தம்தான்.

இந்தச் செல்வம் சேர்ந்த காலத்தில் கோட்டையில் வேறு என்ன நடந்தது? 1680-களில் இந்தக் கரையில் கொடும் பஞ்சம். பஞ்சத்தில் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றார்கள், திருடப்பட்டும் போனார்கள். கும்பினி வாங்கிக் கப்பல் ஏற்றியது. ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகள் போகவேண்டும் என்று முடிவெடுத்த கூட்டத்தில் யேல் இருந்தார். 1687-இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் இந்தக் கோட்டைத் துறையிலிருந்து கப்பல் ஏற்றப்பட்டார்கள். தோழர்களே, அறுநூற்று அறுபத்தைந்து! ஒரே மாதத்தில்!

அடுத்த ஆண்டு, 1688-இல், யேல் ஆளுநராக இருந்தபோதே சென்னையில் அடிமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. உடனே யேலின் கருணைக்குப் பாட்டுப் பாடச் சிலர் வந்துவிடுவார்கள். தடைக்குக் கோட்டைக் குறிப்பே சொல்லும் காரணம் வேறு. இதில் கும்பினிக்கு இப்போது பெரிய வரும்படி இல்லை, நாட்டு அரசாங்கத்திடமிருந்து தொல்லையும் புகாரும் வருகிறது என்கிறது அது. கோல்கொண்டாவை முகலாயர்கள் பிடித்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். புதிய எசமானின் கண் சிவந்தால் வியாபாரம் கெடும். மனுசன் விற்கப்படக் கூடாது என்று அந்தத் தடை சொல்லவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை என்றது, அவ்வளவுதான்.

கப்பல் ஏறிய 665 பேர் யார்? கோட்டைக் கணக்கு தலையை எண்ணியது, பேரை எழுதவில்லை. ஆனால் பஞ்சம் வந்தால் முதலில் விற்கப்படுகிறவர் யார் என்று நமக்குத் தெரியும். மிராசுதாரன் விற்கப்படமாட்டான். கோயில் மானியம் தின்கிறவன் விற்கப்படமாட்டான். காணி நிலம் இல்லாதவன், களத்துமேட்டுக் கூலியில் உயிர்வாழ்கிறவன், ஏற்கெனவே நிலத்தோடு சேர்த்து எழுதிக்கொடுக்கப்படுகிறவன், அவன்தான் முதலில் போவான். கும்பினிக்காரன் வந்துதான் இந்த நாட்டில் மனுசனை விற்கக் கற்றுக்கொடுத்தான் என்று சொல்பவர்கள், பள்ளனையும் பறையனையும் ஏரோடும் மாட்டோடும் சேர்த்து ஒத்தி வைத்த கதையை மறைக்கிறார்கள். கப்பல்தான் வெள்ளைக்காரனுடையது. கப்பலில் ஏற்றுவதற்கு ஆளைத் தயாராக வைத்திருந்தது இந்தச் சாதிச் சமுதாயம்.

படத்தில் நிற்கிற பையன் நம் பிள்ளை என்று நான் பாத்தியம் கொண்டாடவில்லை. அவன் ஆப்பிரிக்காவின் பிள்ளை. ஆனால் அவன் ஊத்துகிற மதுவின் விலையில், துரை போட்டிருக்கும் அங்கியின் விலையில், இந்தக் கரையின் காசும் கலந்திருக்கிறது. அவன் கதையைக் கேட்க நமக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது.

*

தைல வண்ணப் படம் என்றால் என்ன? அழகு, கலை, ஒளி, நிழல் என்று வியப்பவர்கள் வியக்கட்டும். அரண்மனைக் கூடத்தில் மாட்டுகிற முன்னோர் படம் என்பது ஒரு பத்திரம். பட்டா, சிட்டா, அடங்கல் மாதிரி. இன்னார் மகன் இன்னார், இன்னாருக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு பட்டம், இவ்வளவு அடிமை என்று வண்ணத்தில் எழுதிய சொத்துப் பத்திரம். அந்த நாட்டில் ஒருவர் மூத்த குடியா புதுப் பணக்காரரா என்பதை வீட்டுச் சுவரே சொல்லிவிடும். யேலுக்குப் பட்டம் கிடையாது. பணம் உண்டு. கோமகன் வீட்டு மனுசரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டால், பணம் குலமாக மாறிவிடும். அந்த வேலையைத்தான் படம் செய்கிறது.

பின்னால் ஆடுகிற பிள்ளைகள் வாரிசுகள். சொத்து இவர்களுக்குப் போகும் என்பதற்குச் சாட்சி. கழுத்தில் வளையத்தோடு நிற்கிற பிள்ளை சொத்து. வாரிசையும் சொத்தையும் ஒரே சட்டத்தில் காட்டுகிறது பத்திரம். என் கை எவ்வளவு தூரம் நீளும் பார், கடல் தாண்டி ஒரு உயிரையே கொண்டுவந்து என் கிண்ணத்தை நிரப்பச் சொல்வேன் என்று காட்டத்தான் அவனை அங்கே நிறுத்தினார்கள். இந்த வழக்கம் யேலோடு நிற்கவில்லை. பிரெஞ்சு ஓவியர் மின்யார் 1682-இல் வரைந்த போர்ட்ஸ்மத் கோமகள் படத்திலும் ஒரு கறுப்பினச் சிறுமி நிற்கிறாள். அவள் கழுத்தில் முத்துமாலை. பூட்டு இல்லை என்பதால் விடுதலை ஆகிவிடுமா? பெரிய வீட்டுப் படங்களில் நாய், குதிரை, கிளி, கறுப்புப் பிள்ளை என்று ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசையில் கடைசியாக வந்ததும் ஒரு மனித உயிர் என்பது அந்த ஓவியர்களுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் பூட்டு வரைந்தார்கள். நம்பிக்கையான வேலைக்காரனுக்கு எதற்குப் பூட்டு? ஓடிப்போவான் என்று தெரிந்தவன்தான் பூட்டுப் போடுவான்.

அவர்கள் ஓடினார்கள்! கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1700-க்கும் 1780-க்கும் இடைப்பட்ட பிரிட்டிஷ் பத்திரிகைகளைப் புரட்டி, ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரச்சொல்லி எசமானர்கள் கொடுத்த விளம்பரங்கள் 800-க்கு மேல் திரட்டியிருக்கிறார்கள். ஓடியவர்களில் மிகப்பலர் ஆப்பிரிக்கர்கள். இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. கழுத்தில் வளையம் கிடக்கும், அதில் எசமான் பேர் வெட்டியிருக்கும் என்று அடையாளம் சொல்கிற விளம்பரங்கள் லண்டன் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன.

இந்த விளம்பரங்களில் ஒரு விசயம் என்னை உலுக்கியது. ஓடிப்போனவர்களின் பேரைப் பல விளம்பரங்கள் சொல்கின்றன. வயசு, உயரம், தழும்பு, பேசுகிற மொழி, போட்டிருந்த சட்டை எல்லாம் சொல்கின்றன. பிடிக்கவேண்டுமே, அதற்காக. அடங்கி நின்ற பிள்ளைக்குப் படத்தில் முகம் கிடைத்தது, பேர் கிடைக்கவில்லை. ஓடிப்போனவனுக்குப் படம் கிடைக்கவில்லை, பேர் கிடைத்தது. எசமானன் வாயால் சொன்ன பேர்தான், அவன் வைத்த பேர்தான், இருந்தாலும் அச்சில் ஏறியது. நம் பாட்டன்மாரின் பேரைத் தேடிப் போனால் எங்கே கிடைக்கிறது? பண்ணையார் வீட்டுக் கடன் சீட்டில் கைநாட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. காவல் நிலையப் பதிவேட்டில் கிடைக்கிறது. வரலாறு நம்மைக் குற்றவாளியாகத்தான் முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கலகம் செய்தவனுக்குத்தான் பேர்.

*

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் நாட்டு அரண்மனைகளிலும் ஜமீன் வீட்டுக் கூடங்களிலும் தைல வண்ணப் படங்கள் இருக்கின்றன. ரவிவர்மா திருவாங்கூர், பரோடா, மைசூர் அரச குடும்பத்தாரை வரைந்தார். பட்டுச் சேலையின் சரிகை மின்னும், வாளின் பிடி மின்னும். இப்படிப்பட்ட ராஜா, ஜமீன்தார் படங்களில் ஒரு புலையனோ பறையனோ ஓரத்தில் நிற்பதை நான் பார்த்ததில்லை. ஏன் இல்லை? நம்மை அடிமையாக வைத்திருக்கவில்லையா? வைத்திருந்தார்கள். இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது 1843-இல். திருவாங்கூரில் அதுவும் 1855-இல்தான்.

யேல் வீட்டுப் பையன் கிண்ணத்தைத் தொடலாம். தொட்டால்தான் ஊத்த முடியும். அவனை விலைக்கு வாங்கிய துரை அவன் கை பட்ட மதுவைக் குடித்தான். நம் எசமானனோ நம் கை பட்ட தண்ணியைக் குடிக்கமாட்டான். நாம் விளைத்த நெல்லைத் தின்பான், நாம் வெட்டிய கிணற்றில் இறைப்பான், நம் நிழல் கூடத்தில் விழக்கூடாது. கூடத்துக்குள்ளேயே நுழைய முடியாதவன் கூடத்தில் மாட்டுகிற படத்துக்குள் எப்படி நுழைவான்? அங்கே கழுத்தில் பூட்டு. இங்கே பூட்டே தேவைப்படவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தெருவைப் போட்டு, பிறப்பையே பூட்டாக்கி, சாவியை மனுதர்மத்தில் வைத்துவிட்டார்கள்.

அண்ணல் அம்பேத்கர் அடிமைமுறையையும் தீண்டாமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். அடிமை எசமானின் சொத்து என்பதால் அவன் உயிரோடு இருக்கவேண்டும் என்ற அக்கறையாவது எசமானுக்கு உண்டு. தீண்டப்படாதவன் பட்டினி கிடந்து செத்தால் எவனுக்கும் நட்டமில்லை. அடிமைக்குத் தான் அடிமை என்பது தெரியும். தீண்டாமையோ தன்னை அடிமைத்தனம் என்று காட்டிக்கொள்ளாத அடிமைத்தனம். இதுதான் அவர் வாதத்தின் சாரம். இதை எடுத்துக்கொண்டு 'எங்க வலிதான் பெருசு, உங்க வலி சிறுசு' என்று கறுப்பினத் தோழர்களிடம் பேசுவதற்கு நமக்கு உரிமை இல்லை. அண்ணலும் அப்படிப் பேசவில்லை. 1946-இல் அவரே டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. அதற்கு முன்பே, 1873-இல், மகாத்மா பூலே தம் 'குலாம்கிரி' நூலை அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பேரையே கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். இந்த உறவு பழைய உறவு. இரண்டு நோயையும் ஒப்பிடுவது பட்டம் கொடுக்க இல்லை, மருந்து கண்டுபிடிக்க.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரிய மனுசன் படம் சுவரில் மட்டும் தொங்குவதில்லை. பார்க்கிறவன் மண்டைக்குள்ளும் தொங்குகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். கேட்டது கூலி உயர்வு. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. இவர்கள் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் தீர்ப்பு போனது. அந்த நீதிமன்றத்தில் எவரும் தைல வண்ணப் படம் மாட்டவில்லை. ஆனாலும் அங்கே ஒரு கனவான் படம் தொங்கியது. நல்ல அங்கி, நிதானமான முகம், மேசைமேல் கிண்ணம். கொலை செய்கிற முகமா இது? ஓரத்தில் நிற்கிறவனின் கழுத்தைப் பார்க்கத் தெரியாத கண்ணுக்கு நடுவில் இருக்கிறவன் எப்போதும் கனவானாகத்தான் தெரிவான். எரிந்தவர்கள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

*

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்? 1718-இல் எலிஹு யேல் அங்கிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்றும், விற்றால் 562 பவுன் வந்த ஒன்பது பொதி சரக்கும் அனுப்பினார். அதற்குக் கைம்மாறாகக் கல்லூரி அவர் பேரைச் சூடிக்கொண்டது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். 562 பவுனுக்கு 300 ஆண்டுப் புகழ். வைர வியாபாரிக்கு இதைவிட லாபமான கொள்முதல் வேறு இருந்திருக்காது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் யேலின் இன்னொரு படமும் இருந்தது. அதிலும் கழுத்துப் பட்டையோடு ஒரு பணியாள். நிர்வாகக் குழு கூடும் அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2007-இல்தான் அதை எடுத்துவிட்டு வேறு படம் மாட்ட முடிவு செய்தார்கள். 2016-இல், அடிமைமுறையை நியாயப்படுத்திய கால்ஹூன் பேரில் இருந்த மாணவர் விடுதியில், பருத்தி சுமக்கும் அடிமைகளைச் சித்திரித்த வண்ணக் கண்ணாடி சன்னல் ஒன்றை, உணவுக்கூடத்தில் வேலைபார்த்த ஒரு கறுப்பினத் தொழிலாளி துடைப்பக்கட்டையால் அடித்து உடைத்தார். கைது செய்தார்கள், வேலை போனது. மாணவர்களும் மக்களும் கூடவே நின்றார்கள். வழக்கு கைவிடப்பட்டது, வேலை திரும்பக் கிடைத்தது. 2017-இல் கால்ஹூன் பேரையே எடுத்தார்கள். அறிக்கைகளும் குழுக்களும் பல ஆண்டு பேசிக்கொண்டிருந்த விசயத்தில் ஒரு துடைப்பக்கட்டை பேசியதும் காதில் விழுந்தது. துடைப்பத்தின் அருமை நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதே 2016-இல் டைட்டஸ் கஃபார் என்னும் கறுப்பின ஓவியர் இந்தப் படத்தை எடுத்துத் திரும்ப வரைந்தார். துரைமார் இருக்கிற பகுதி முழுதும் கசக்கிச் சுருட்டிய துணி. சுருட்டாத இடத்தில் அந்தச் சிறுவனின் முகம். அதைச் சுற்றித் தங்கச் சட்டம். கழுத்தில் வளையம் இல்லை. நம்மை நேராகப் பார்க்கிறான். படத்தின் பேர் 'உங்களைப் பற்றிப் போதும்'. நம் தெருப் பேச்சில் சொன்னால், 'உங்க கதை போதும், நிறுத்து'. 2020-இல் கலை மையம் பழைய படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அந்தச் சிறுவன் யார் என்று ஆராயத் தொடங்கியபோது, அந்த இடத்தில் சில மாதம் கஃபாரின் படத்தை மாட்டி வைத்தது. பிறகு பழைய படம் விளக்கத்தோடு திரும்ப வந்தது. 2024-இல் பல்கலைக்கழகம் அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்பு நல்லதுதான். நம் ஊரில் அதுகூட இல்லை. எந்த மடம், எந்தக் கோயில், எந்தப் பண்ணைக் குடும்பம் இதுவரை நம்மிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது? ஆனாலும் மன்னிப்பு மலிவான சரக்கு என்பதையும் மறக்கவேண்டாம். தலைப்பை மாற்ற ஒரு துண்டுச் சீட்டுப் போதும். பேரை அடித்துப் போட்ட கைகள் எவை, அந்தப் பணம் எங்கெங்கே போய்ப் பெருகியது என்று கணக்குக் கேட்டால்தான் அது நீதி ஆகும்.

*

பழைய படத்தை எரித்துவிடலாமா என்று இளம் தோழர்கள் கேட்கலாம். கோபம் எனக்கும் புரிகிறது. எரிக்கவேண்டாம். அது சாட்சி. குற்றவாளியே காசு கொடுத்து, நல்ல ஓவியரை வைத்து, மங்காத வண்ணத்தில் எழுதி வைத்த வாக்குமூலம் அது. அதை அழித்தால் நட்டம் நமக்கு. மாட்டிய இடத்திலிருந்து இறக்கவேண்டும், வேறு வெளிச்சத்தில் வைக்கவேண்டும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படிக்கவேண்டும்.

சென்னையிலும் யேலின் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. சின்ன வயசில் செத்துப்போன அவர் மகன் டேவிட்டுக்காக எழுப்பிய கூம்புக் கல்லறை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1921 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னம். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் துயரத்தை நாம் கேலி செய்யமாட்டோம். ஒன்றைத்தான் கேட்கிறோம். அவர் பிள்ளைக்குக் கல்லறை, பேர், மத்திய அரசின் பாதுகாப்பு. கப்பலில் போன பிள்ளைகளுக்கு? 2023 சூனில் அந்தக் கல்லறையை அப்புறப்படுத்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். சூலையில் அதே நீதிமன்றத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு எவர் படமும் நீதிமன்ற வளாகங்களில் வைக்கக்கூடாது என்று. சட்டம் எழுதியவர் படத்துக்குச் சட்டம் படிக்கிற இடத்தில் இடம் இல்லையாம்! வழக்கறிஞர்களும் இயக்கங்களும் தெருவுக்கு வந்த பிறகு, எந்தத் தலைவர் படமும் அகற்றப்படாது என்று தலைமை நீதிபதி உறுதி சொன்னதாகச் சட்ட அமைச்சர் அறிவித்தார்.

சுவரில் யார் படம் என்பது அழகுப் பிரச்சினை இல்லை, அதிகாரப் பிரச்சினை. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அண்ணல் படம் ஏறியதே 1990-இல்தான். நம் ஊர்களில் அண்ணல் சிலை இன்னும் பல இடங்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. பாதுகாப்புக்காம். உடைக்கிறவனைப் பூட்டாமல் சிலையைப் பூட்டுகிற நாடு இது. லண்டனில் பூட்டு பையனின் கழுத்தில். இங்கே பூட்டு, விரல் நீட்டி நிற்கிற நம் தலைவரைச் சுற்றி.

ஆகவே தோழர்களே, குறிப்பாக மாணவத் தோழர்களே, இரண்டு வேலை சொல்கிறேன்.

ஒன்று. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் பழைய ஆலோசனைக் குறிப்புகள் இருக்கின்றன, அச்சிட்ட தொகுதிகளும் உண்டு. 1680-களின் பக்கங்களைப் படியுங்கள். எத்தனை பேர், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், விற்றவன் யார் என்று எழுதி எடுங்கள். அந்தக் குறிப்புகளைத் துரைமார் வரலாறாகவும் தேசபக்தி வரலாறாகவும் படித்தவர்கள் உண்டு. கப்பலில் போனவர்களின் வரலாறாக நாம்தான் படிக்கவேண்டும்.

இரண்டு. உங்கள் ஊர்ப் பண்ணை வீட்டில், ஜமீன் வீட்டில், பள்ளிக்கூடத்தில், ஊராட்சி அலுவலகத்தில் மாட்டியிருக்கும் படங்களைக் கணக்கெடுங்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எழுதுங்கள். பிறகு சேரிக்கு வாருங்கள். அந்தப் பண்ணையில் வேலை செய்த கிழவன் கிழவிகளிடம் உட்கார்ந்து பேரைக் கேளுங்கள். பட்டப்பேர் வேண்டாம், 'ஏ', 'டேய்' வேண்டாம். ஆத்தா வைத்த பேர். அவள் எந்த வயசில் பண்ணைக்குப் போனாள், என்ன கூலி, எப்போது எதிர்த்துப் பேசினாள், எப்போது ஓடினாள், எல்லாம் வேண்டும். ஒரு பேரானாலும் அனுப்புங்கள். பக்கம் போதாவிட்டால் கதை கவிதைகளைக் குறைத்துக்கொள்வோம். வருகிற பேர்கள் அத்தனையும் அடுத்த இதழில் அச்சாகும்.

தோழமையுடன்,
ஆசிரியர்